பூச்சாயம் போட்ட சட்டைகள்

ஒரு குடும்பமே, பெரியவர் சின்னவர் பாக்கியில்லாமல், கழுத்திலிருந்து இடுப்புவரை நீலமாக ஒழுகிக்கொண்டு சாமி முன்னால் நின்றதை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்ன, அந்த வரிசையில் நானும் ஒழுகிக்கொண்டுதான் நின்றேன்.

சும்மா தூங்கிக்கொண்டிருந்த இந்த ஞாபகத்தை இன்றைக்கு எழுப்பிவிட்டது ஒரு அட்டைப்பெட்டி. அண்ணன் மகள் யாழினி திண்டுக்கல்லில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சாதாரணப் பள்ளிக்கூடம் என்று நினைத்துவிடாதீர்கள். வாசலில் இரண்டு ஒட்டகச்சிவிங்கி சிலை, உள்ளே பிள்ளைகளைவிட அதிகமாகக் கேமரா. அங்கே தாத்தா பாட்டி தினம் கொண்டாடுகிறார்களாம். தாத்தாக்கள் வந்து பேரப்பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, வெள்ளைச் சட்டையைச் சுருட்டிக் கட்டி, சாயம் ஊற்றி, ‘டை அண்ட் டை’ சட்டை செய்ய வேண்டுமாம். வீட்டில் ஒருமுறை பழகிப் பார்த்துவிட்டு வரச் சொல்லிப் பெட்டியை வேறு கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். முட்டி தேய்ந்துபோன கிழவர்களைத் தரையில் உட்காரவைத்துவிட்டு அப்புறம் எழுப்பப் போவது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

பெட்டிக்குள் கையுறை, சமையல்காரர் மாதிரி ஒரு ஏப்ரன், குட்டிக் குட்டி பாட்டிலில் சாயம், ஒரு பொட்டலம் சலவைச் சோடா, கலர் கலராக ரப்பர் பேண்ட். கூடவே வாட்ஸப்பில் ஒரு வீடியோ. அதில் ஒரு அக்கா குழந்தையைத் தூங்கவைக்கிற குரலில், “அன்போடு... மெதுவா... சட்டையோட நடுவைப் புடிச்சு...” என்று இழுக்கிறார். சட்டையைச் சுருட்டுவதற்கு எதற்கு அன்பு? பின்னணியில் புல்லாங்குழல் வேறு.

பூ மார்க்கெட்டிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்திருந்த அப்பா ஒரு ரப்பர் பேண்டை எடுத்து இழுத்துப் பார்த்தார். பட்டென்று அறுந்து கையில் அடித்தது.

“இதுவா கட்டு? பொட்டலம் மடிக்கிற ரப்பரு. இத வச்சு என்னத்தக் கட்டச் சொல்றாய்ங்க?”

அப்பா நிலக்கோட்டையில் பூக் கமிஷன் கடை வைத்திருப்பவர். கட்டு என்று வந்துவிட்டால் கோர்ட்டு நீதிபதி மாதிரிதான் பேசுவார். நான் கண்டுகொள்ளவில்லை. யாழினி அதற்குள் ஒரு பாட்டிலைத் திறந்துவிட்டாள். அந்த வாசனை வந்தது பாருங்கள், அதோடு என் பிற்பகல் காலி. ஆபீஸ் வேலை என்று லேப்டாப்பைத் திறந்தவள் இப்போது இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

சாய வாசனை எனக்குச் சட்டையை ஞாபகப்படுத்தாது. சம்பங்கியை ஞாபகப்படுத்தும். மாலைகளில் நீலப் பூ, பச்சைப் பூ பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் எந்தச் செடியிலும் பூப்பதில்லை, ஏமாறாதீர்கள். வெள்ளைச் சம்பங்கியை வாளியில் கரைத்த சாயத்தில் முக்கி எடுப்பதுதான். எங்கள் கடைக்குப் பின்னால் அந்த வாளிகள் வரிசையாக நிற்கும். அங்கே சின்ன வயதில் ஒருமுறை கையை விட்டுவிட்டு, ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் ‘பச்சைக்கை’ என்று பேர் வாங்கினேன். அந்த வாளிகளின் ராஜா என் தாத்தா. அப்பாவைப் பெற்றவர், கடையை ஆரம்பித்தவர், வயசான பிறகும் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்க்காதவர்.

தாத்தாவைப் பற்றி உருகி உருகி எழுதப் போகிறேன் என்று நினைத்தால் இப்போதே எழுந்து போய்விடுங்கள். அவருக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றுமே கிடையாது. அதனால் யாரிடமும் எதையும் கேட்டதே இல்லை. கேட்காததால் எதுவும் உருப்பட்டதும் இல்லை. ஒருமுறை டிவி ரிமோட்டை ரிப்பேர் பார்க்கிறேன் என்று வெயிலில் காயவைத்தார். ஃபேன் ரெகுலேட்டரில் கை வைத்து மொத்த வீட்டையும் இருட்டாக்கினார். அப்படிப்பட்ட ஆள் ஒரு குடும்பச் சண்டையை ரிப்பேர் பார்க்கக் கிளம்பிய கதைதான் இது.

சண்டை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும். எங்கள் மல்லித் தோட்டம் ரோட்டோரம். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் சித்தப்பா தன் பாதியைப் பிளாட் போட்டு விற்க வேண்டும் என்றார். தோட்டத்தில் கை வைத்தால் நடக்கிறதே வேறு என்றார் அப்பா. தோட்டத்தின் மேல் அப்பாவுக்குப் பாசம் என்று ஊர் சொல்லும். எனக்குத் தெரிந்து, அந்தப் பூ அவருடைய கமிஷன் கடைக்கு வந்துகொண்டிருந்தது, அம்புட்டுதான் பாசம். சித்தப்பாவுக்கோ வத்தலக்குண்டில் கொடைக்கானல் போகிற கூட்டத்துக்கு வேன் ஓட்டினால் சீக்கிரம் பெரிய ஆளாகிவிடலாம் என்று கனவு. ஒருவர் பூவை வைத்துப் பிழைக்கப் பார்த்தார், ஒருவர் நிலத்தை வைத்து. இதில் தியாகி யாரும் இல்லை.

அப்போது எல்லோரும் ஒரே வீடு. முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் அவர்கள். பேச்சுவார்த்தை நின்ற பிறகு நாங்கள்தான் போஸ்ட்மேன். நான், சித்தப்பா மகன் கதிர், இரண்டு பேரும் ஆறாம் வகுப்பு முடித்திருந்தோம். அண்ணன் பத்தாம் வகுப்புக்குப் போகிற பெரிய மனிதன், இந்த வேலைக்கெல்லாம் வரமாட்டான். அப்பாவும் சித்தப்பாவும் கிணற்றடியில் எதிரெதிரே நிற்பார்கள். நடுவில் நான்.

“ஒங்க சித்தப்பன்கிட்டச் சொல்லு, மோட்டார நிப்பாட்டச் சொல்லி.”

“ஒங்கப்பன்கிட்டச் சொல்லு, தொட்டி நெறையலன்னு.”

நான் எதையும் திருப்பிச் சொல்ல மாட்டேன். இரண்டு பேருக்கும் காது இருந்ததே.

இதில் தாத்தாவுக்குப் பெரிய கவலை வைகாசிப் பொங்கல். எங்கள் குலசாமி கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு அடுப்பு, ஒரு பானை. அண்ணன் தம்பி எத்தனை பேர் இருந்தாலும், எந்தெந்த ஊரில் இருந்தாலும், பானை ஒன்றுதான். பிரிந்துவிட்டால் ஆளுக்கொரு அடுப்பு வைப்பார்கள். பூசாரி பானையைக் கணக்கில் எடுத்துத்தான் பிரசாதம் பிரிப்பார், வரிசையில் இடம் கொடுப்பார். ஒருமுறை இரண்டு பானை வைத்துவிட்டால் ஊர்க்கண்ணில் அது இரண்டு குடும்பம், முடிந்தது. அந்த வருஷம் அம்மாவும் சித்தியும் தனித்தனியாகப் புதுப்பானை வாங்கி ஒளித்து வைத்திருந்தது தாத்தாவுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ரகசியம் என்றால் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று அர்த்தம்.

“நான் இருக்கையிலயே ரெண்டு பானையா?” என்று ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக் கேட்டார்.

ஊரில் அப்போதுதான் இன்னொரு வியாதி பரவியிருந்தது. திருவிழாவுக்குப் பங்காளிகள் எல்லாம் ஒரே கலர் சட்டை போட்டுக்கொண்டு, முதுகில் பேரை அச்சடித்துக்கொண்டு, கிரிக்கெட் டீம் மாதிரி சாமி கும்பிடுவது. ஒரே சட்டையில் நின்றால் ஒரே பானையில் வந்து முடியும் என்று தாத்தா கணக்குப் போட்டார். இரண்டு மகன்களையும் நிலக்கோட்டையில் சட்டை அச்சடிக்கிற கடைக்குக் கூட்டிப் போனார். வேடிக்கை பார்க்க நாங்களும் போனோம். கடைப் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே ஒரு கேள்வி கேட்டான்.

“யார் பேருண்ணே மேல?”

“மூத்தவன் பேருதான் மேல வரும். இதெல்லாமா கேப்ப?” என்றார் அப்பா.

சித்தப்பா தாத்தாவிடம் திரும்பினார். “அப்ப நான் கீழயா? அவரு வாலப் புடிச்சிக்கிட்டே வரணுமாக்கும்?”

சட்டை அங்கேயே செத்தது. மூன்று பேரும் மூன்று பஸ்ஸில் வீடு வந்தார்கள்.

பிறகு தாத்தா இரண்டு நாள் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டே கதி என்று கிடந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் கொடைக்கானல் போகிற உலகம் முழுக்கக் கண்முன்னால் போகும். மலை ஏறுவதற்கு முன்பே ஸ்வெட்டர் போட்டு வேர்த்துக்கொண்டிருக்கிற புதுமாப்பிள்ளைகள், முடி வளர்த்துக் கிட்டார் தூக்கிய சென்னைப் பையன்கள். சோப்பு கண்டு பல நாளான ஒரு கும்பல் சுழி சுழியாக, வட்டம் வட்டமாகச் சாயம் பூத்த பனியனோடு இறங்கியதைத் தாத்தா பார்த்திருக்கிறார். எந்தப் பனியன் எவனுடையது என்று அவருக்குப் புரியவில்லை. அந்த இடத்தில்தான் அவருக்கு ஞானம் பிறந்தது.

வீட்டுக்கு வந்ததும் எனக்கும் கதிருக்கும் ஆளுக்கொரு சேவுப் பொட்டலம் கொடுத்து மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

“ஏலே, அதுல பேரும் இல்ல, ஊரும் இல்ல. மேலயும் இல்ல, கீழயும் இல்ல. சுத்திச் சுத்தி ஒண்ணாக் கெடக்கு. அதான் நமக்குத் தோது.”

“அத எப்படித் தாத்தா செய்யிறது?” என்றான் கதிர்.

“பெரிய்ய வித்த! சுருட்டணும், கட்டணும், முக்கணும். தெனமும் நம்ம கடையில அதான நடக்குது?”

எங்களை எதற்குச் சேர்த்தார் என்றால், சட்டை தாத்தா செய்தது என்றால் ஒரு மகனும் தொடமாட்டான். பிள்ளைகள் ஆசையாகச் செய்தது என்றால் எவனாலும் மறுக்க முடியாது. பேரப்பிள்ளைகளோடு பொழுதைப் போக்குவது என்று புல்லாங்குழல் வைத்துச் சொல்கிறார்களே, அதற்குள் இருந்த விஷயம் இதுதான். நாங்கள் பணயக்கைதிகள். கூலி சேவு.

வீட்டில் எல்லோருடைய வெள்ளைச் சட்டையிலும், அம்மா சித்தி என்றால் வெள்ளை ரவிக்கையிலும், ஒவ்வொன்று தாத்தா கைக்கு வந்தது. திருடினார் என்று சொல்ல மனசு வரவில்லை, ஆனால் வேறு வார்த்தையும் வரவில்லை. அப்பாவின் கல்யாணச் சட்டைகூட அதில் இருந்தது. சாயம், நம்ம கடைப் பூச்சாயம். கதிர் மட்டும் லேசாகச் சந்தேகப்பட்டான்.

“தாத்தா, தண்ணியச் சுட வைக்கணும்னு எங்க டீச்சர் சொன்னாங்க.”

“ஒங்க டீச்சரு எத்தன மால கட்டிருக்கா? பூவே புடிச்சுக்குது, துணி புடிக்காதா?”

இதற்கு என்ன பதில் சொல்வது? இன்றைக்கு வரைக்கும் யோசிக்கிறேன். நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தும் இந்த வாதத்தை உடைக்க எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

அடுத்தது கட்டு. ரப்பர் பேண்டு, நூல் என்றெல்லாம் தாத்தாவின் புத்திக்கு எட்டவே எட்டாது. பூக்காரனுக்குக் கட்டு என்றால் வாழைநார். காய்ந்த நார்க்கட்டு கடையில் கிடந்தது, ஆனால் கடையில் அப்பா உட்கார்ந்திருந்தார். அதனால் தாத்தா அரிவாளை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போய், குளிக்கிற தண்ணி பாய்ந்து கொழுத்துக் கிடந்த வாழையில் ஒன்றைச் சாய்த்து, மட்டையைக் கிழித்து, பச்சை நாரை உரித்தார். அதில் பால் சொட்டச் சொட்டச் சட்டைகளைச் சுருட்டிக் கட்டினோம். மல்லிகைச் சரம் தொடுக்கிற அதே முடிச்சு. நானும் கதிரும் அந்த முடிச்சை மூன்று வயதிலிருந்து பார்த்தவர்கள். கை தானாகப் போட்டது. கட்டி முடித்தபோது ஒவ்வொரு சட்டையும் வெட்டிப்போட்ட கோழி மாதிரி விறைப்பாகக் கிடந்தது.

சாயத்தைக் கரைக்க வாளி போதாது என்று மாட்டுத் தொட்டியில் கொட்டினார். அம்மா எட்டிப் பார்த்தார். அம்மாவுக்கு எல்லாம் முன்பே தெரியும், தெரியாத மாதிரி வந்து நின்றார்.

“மாமா, உப்பாச்சும் போட்டீங்களா? சாயம் நிக்காது.”

“ஏத்தா, நான் என்ன ஊறுகாயா போடுறேன்?”

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு யாரும் தாத்தாவுக்கு எதுவும் சொல்லவில்லை. தொட்டியை நாங்கள் சரியாகக் கழுவவில்லை, மாடு ஒரு வாரம் நீல நாக்கோடு திரிந்தது. பால் வாங்க வந்தவர்கள் யோசித்து யோசித்து வாங்கினார்கள்.

மறுநாள் நாரை அறுத்துப் பிரித்தபோது, உண்மையைச் சொல்லியாக வேண்டும், சட்டைகள் அட்டகாசமாக இருந்தன. நீலத்துக்கு நடுவில் வெள்ளை வளையம், வளையத்துக்குள் வளையம். கதிர் ஒன்றை எடுத்து மேலே போட்டுக்கொண்டு, “ஏய் புள்ள, நான் எப்படி இருக்கேன்?” என்று கேட்டான். “கொடைக்கானல் போற கஞ்சா சாமியார் மாதிரி இருக்க,” என்றேன். தாத்தா எங்களைப் பார்க்கவில்லை. கொடியில் அப்பாவின் சட்டைக்குப் பக்கத்திலேயே சித்தப்பாவின் சட்டையைப் போட்டு, நடுவில் இடைவெளி இல்லாமல் இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பொங்கல் அன்று சட்டைகளை நீட்டினோம். அப்பா அம்மாவை முறைத்தார், அம்மா என்னைக் காட்டினார், நான் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டேன். அந்த முகத்துக்காகவே தாத்தா எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்திருந்தார். பின்பக்கம் கதிரும் அதையே செய்திருப்பான். எப்படியோ, கோயிலுக்கு இரண்டு தனித்தனி வண்டியில் போனாலும் இறங்கியபோது ஒரே கும்பலாகத்தான் தெரிந்தோம். தாத்தா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஒரே ஒரு விஷயத்தை மறந்துவிட்டிருந்தார். வருஷா வருஷம் அவரே செய்து, அவரே எங்களுக்கு விளக்கிச் சொன்ன விஷயம். எங்கள் கோயிலில் பொங்கல் வைக்கிறவர்கள் போட்டிருக்கிற துணியோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்துதான் அடுப்பு மூட்ட வேண்டும்.

கோயிலுக்கு எதிரே பம்ப்செட். குழாய்க்கு அடியில் முதலில் அப்பா போய் நின்றார். அவர் காலடியில் வாய்க்கால் நீலமாக ஓட ஆரம்பித்தது. அது என்னவென்று புரிவதற்குள் சித்தப்பா நின்றார், பெண்கள் நின்றார்கள், நாங்கள் நின்றோம். அங்கிருந்து கோயில் வாசல்வரைக்கும் மணலில் நீலக்கோடு. அப்பாவின் நெஞ்சு முடி நீலம், சித்தியின் கழுத்துச் சங்கிலி நீலம், வேட்டியெல்லாம் நீல ஆறு. தாத்தா நரைத்த மார்போடு நீலமாக நின்றதைப் பார்த்தால் பள்ளிக்கூட நாடகத்தில் மேக்கப் கலைந்த சாமி மாதிரி இருந்தது.

அடுத்த அடுப்புக்காரர் ஒருவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏப்பு, சாமிக்குப் பொங்க வைக்க வந்தீகளா, இல்ல நீங்களே சாமியா எறங்கிட்டீகளா?”

கோயிலே சிரித்தது. பூசாரி உடுக்கையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் செத்துவிடலாம் என்று நினைத்தேன். பதினொரு வயதுப் பெண்ணுக்கு ஊர் சிரிப்பது என்றால் அதற்கு மேல் தண்டனை இல்லை.

அப்போதுதான் சித்தப்பாவின் குரல் கேட்டது. தாத்தாவிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. நேராக.

“அண்ணே... ஒன் காதுக்குள்ளருந்து நீலமா வடியுதுண்ணே.”

அப்பா காதைத் துடைத்தார். கையைப் பார்த்தார். “ஒன் மூஞ்சியப் பாருடா மொதல்ல. மீசையப் பாரு.”

பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தாத்தா பக்கம் திரும்பினார்கள்.

“ஏம்ப்பா, ஒனக்குக் கூறு இருக்கா? பூச்சாயத்தப் போயி...” என்று அப்பா ஆரம்பிக்க,

“...துணியில முக்குவாகளா எவனாச்சும்?” என்று சித்தப்பா முடித்தார்.

“என் கல்யாணச் சட்டடா இது!”

“அதயுமா எடுத்தாரு? எவ்ளோ தைரியம் பாருண்ணே இந்த ஆளுக்கு!”

அண்ணன் தம்பி ஒற்றுமையைப் பற்றி யார் யாரோ பேசுகிறார்கள். நான் பார்த்த ஒற்றுமை, இரண்டு பேர் தோளோடு தோள் நின்று பெற்ற அப்பனைத் திட்டியது. திட்டு விழ விழத் தாத்தாவுக்கு முகம் மலர்ந்துகொண்டே போனது.

“நேரம் போகுதுடா! எவனாச்சும் ஒருத்தன் அடுப்பப் பத்த வையுங்கடா!” என்று பூசாரி கத்தினார். அப்பா மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். அது ஊறிப்போய் நீலமாக இருந்தது. குச்சி குச்சியாக உரசினார், ஒன்றும் பற்றவில்லை. சித்தப்பா சலித்துக்கொண்டே, தான் ஓட்டிவந்த வாடகை வேனின் டேஷ்போர்டிலிருந்து காய்ந்த தீப்பெட்டியைக் கொண்டுவந்து, குனிந்து, அப்பா அடுக்கியிருந்த அடுப்பிலேயே பற்றவைத்துவிட்டார். இரண்டாவது அடுப்புக்குக் கல் கூட்டியிருந்தது. அதை மூட்ட நேரம் இல்லை. சித்தி கொண்டுவந்த பானை துணிக்குள்ளேயே இருந்துவிட்டது.

அந்த வருஷம் எங்கள் பானை ஒன்று. பாசத்தால் பொங்கியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நனைந்த தீப்பெட்டியால் பொங்கியது. பொங்கலில்கூட லேசாக நீலம் இருந்ததாக அண்ணன் இன்றைக்கும் சாதிக்கிறான்.

ஊருக்கு வந்து அம்மா சட்டைகளை ஊறப்போட்டார். இரண்டு துவையலில் நீலம் என்ற பேச்சே இல்லை. ஆனால் பழைய வெள்ளையும் வரவில்லை. நார் கட்டியிருந்த இடமெல்லாம் பழுப்புக் கோடு. வாழைப்பால் பட்ட கறை. கோடு கோடாக, முடிச்சு முடிச்சாக, கட்டு எங்கெங்கே இருந்ததோ அங்கேயெல்லாம். வாழைத்தார் வெட்டுகிற வீட்டில் பிறந்த எல்லோருக்கும் அது போகாது என்று தெரியும். சாயம்தான் ஓடிப்போயிருந்தது, கட்டு அப்படியே இருந்தது. அம்மா சோப்பு போட்டார், எலுமிச்சை தேய்த்தார், கடைசியில் தாத்தா பேரைச் சொல்லித் துவைத்தார். எதற்கும் மசியவில்லை.

கதை இங்கே நின்றிருந்தால் அந்தப் பள்ளிக்கூடத்து அக்கா புல்லாங்குழல் வாசித்துக் கண்ணைத் துடைத்திருப்பார். நிற்கவில்லை. அடுத்த வைகாசிக்குள் சித்தப்பா தன் பாதித் தோட்டத்தை விற்றுவிட்டார். பானை இரண்டானது. இரண்டு அடுப்புக்கும் நடுவில் தாத்தா ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார், எந்தப் பக்கமும் சாப்பிடவில்லை. அதற்கடுத்த வருஷம் அவர் இல்லை. வீட்டுக்கு நடுவில் சுவர் எழுந்தது. சுவர் போன போக்கில் புழக்கடை வாழை சித்தப்பா பக்கம் போனது, மாட்டுக்கொட்டகை எங்கள் பக்கம் வந்தது. மாடு விற்றாயிற்று, கொட்டகையில் அண்ணன் பைக் நிற்கிறது. மல்லி இருந்த இடத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் வரிசையாக நிற்கிறது. வீடு ஒன்றும் வரவில்லை, நகர் என்று போர்டு மட்டும் இருக்கிறது, ஆடு மேய்கிறது. மீதிப் பாதியில் தண்ணீர் இல்லாமல் அப்பாவும் மல்லியை விட்டுவிட்டார். அவ்வளவு கத்தியவர். கதிர் பெங்களூரில் இருக்கிறான். பொங்கலுக்கு நான் வாழ்த்து அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறான், அதோடு அவன் கடமை முடிந்தது. அந்தச் சட்டைகளில் அப்பாவுடையது கடைத் தராசைத் துடைத்தது, சித்தப்பாவுடையது வேன் கண்ணாடியைத் துடைத்தது. துடைத்துத் துடைத்து இரண்டும் நைந்து போயின. என்னுடையது எங்கே போனது என்று எனக்கே தெரியாது.

சரி, பெட்டிக்கு வருகிறேன். யாழினி ஏப்ரன் கட்டிக்கொண்டு, முழங்கைவரை கையுறை மாட்டிக்கொண்டு, ஆபரேஷனுக்குத் தயாரான டாக்டர் மாதிரி முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பா எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெள்ளைச் சட்டையைச் சுருட்டிப் பார்த்தார். ரப்பர் பேண்ட் இன்னொன்றும் அறுந்தது. அதற்கடுத்ததும் அறுந்தது.

“தாத்தா, வீடியோவுல அந்த ஆன்ட்டி அழகா போட்டாங்க,” என்றாள் யாழினி.

“அந்த ஆன்ட்டி எத்தன மால கட்டிருக்கா?”

நான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது அவருக்கே கேட்டிருக்கும் போல. சுருட்டிய சட்டையைப் பிரித்து உதறி ஓரமாக வைத்தார். பிறகு எழுந்தார்.

“நாரு வேணும்.”

“கடையில இருக்கும்லப்பா, நாளைக்குக் கொண்டாங்க,” என்றேன்.

“காஞ்சது வேணாம். பச்ச நாருதான் நல்லா இழுத்துக் கட்டும்.”

“பச்ச நாரா? கறை புடிச்சாப் போகாதுப்பா. மறந்துட்டீங்களா?”

“தெரியும். புடிச்சாப் புடிச்சுட்டுப் போகுது.”

வாழை சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதா என்ன. தெருவழியாகச் சுற்றிப் போய் சித்தப்பா வீட்டுக் கேட்டைத்தான் தட்ட வேண்டும். அந்தக் கேட்டை அவர் தட்டி நான் பார்த்ததே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வைகாசிப் பொங்கல், இரண்டு வீட்டிலும் பானை வாங்கியாயிற்று. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“செத்த நேரத்துல வாரேன்,” என்றார் யாழினியிடம்.

ஒரு வாழை மட்டையைக் கிழித்து நார் உரிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பூக்காரனுக்கு ஐந்து நிமிஷம். சண்டை போட்டுவிட்டுத் திரும்புவதென்றால் அதைவிடக் குறைச்சல். நான் இவ்வளவையும் தட்டி முடித்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. யாழினி கையுறையோடு இரண்டு தடவை வாசல்வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள்.

அப்பா இன்னும் வரவில்லை.